எவ்வளவு உப்பு, எந்த உப்பு

1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டொயோய்ச்சி தனகா என்ற ஜப்பானிய இயற்பியலாளர் பாலிஅக்ரிலமைடு ஜெல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அசிட்டோனும் நீரும் கலந்த திரவத்தில் ஜெல் துண்டுகளைப் போட்டு, அசிட்டோனின் பங்கைக் கூட்டக் கூட்ட அவை எப்படிச் சுருங்குகின்றன என்று பார்ப்பது சோதனை. புதிதாகச் செய்த ஜெல்கள் சிறிது சிறிதாகச் சுருங்கின. செய்து நெடுநாள் வைத்திருந்த ஜெல்களோ ஓர் எல்லை வரை உப்பியபடியே இருந்துவிட்டு, அசிட்டோன் இம்மியளவு கூடியதும் சட்டென்று சரிந்து சிறுத்துப்போயின. ஒரே செய்முறை, ஒரே பொருள்; வயது மட்டும்தான் வேறு. 1978இல் இந்தச் சரிவை அறிவித்த கட்டுரை, ஜெல் ஆய்வு என்ற துறைக்கே புது உயிர் கொடுத்தது.

காரணம் சிறிது காலம் கழித்துத் தெளிவானது. ஜெல்லை உருவாக்கச் சேர்த்த பொருள்களில் ஒன்று காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தில் ஊறிக்கிடந்த சங்கிலிகளின் அமைடு தொகுதிகளில் சில, நாள்பட நாள்பட நீராற்பகுப்படைந்து கார்பாக்சில் தொகுதிகளாக மாறியிருந்தன. கார்பாக்சில் தொகுதி நீரில் தன் ஹைட்ரஜனை அயனியாக விட்டுவிட்டு, எதிர்மின்சுமையோடு நிற்கும். மின்சுமையற்ற ஜெல்லாகப் பிறந்தது மின்சுமை கொண்ட ஜெல்லாக மூத்திருந்தது. 1980இல் தனகா குழு இதை வேண்டுமென்றே செய்துபார்த்தது. நீராற்பகுப்பு கூடக் கூடச் சரிவும் பெரிதாகி, பருமன் சில நூறு மடங்கு மாறும் நிலை வரை போனது. ஜெல்லில் இப்படித் திடீர் மாற்றம் வரக்கூடும் என்று 1968இலேயே தூசெக், பேட்டர்சன் இருவரும் கணித்திருந்தனர். அதற்கும் முன்னால், 1950ஆம் ஆண்டை ஒட்டி, வெர்னர் கூன், ஆரோன் கட்சால்ஸ்கி ஆகியோர் பாலிஅக்ரிலிக் அமில இழைகள் காரத்தில் நீண்டு அமிலத்தில் சுருங்கி எடையைத் தூக்குவதைக் காட்டியிருந்தனர். மின்சுமைதான் ஜெல்லின் உயிர்நாடி என்பது இவ்வாறு படிப்படியாக நிலைபெற்றது. அந்த மின்சுமை தனியாக நிற்பதில்லை. அதைச் சமன்செய்ய அயனிகள் கூடவே வருகின்றன. ஜெல்லின் நடத்தையை அந்த அயனிகள் எப்படித் தீர்மானிக்கின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஹைட்ரோஜெல் என்பது நீண்ட பாலிமர் சங்கிலிகள் ஆங்காங்கே குறுக்குப் பிணைப்புகளால் கோக்கப்பட்டு உண்டான வலை. அதன் இடைவெளிகளில் நீர் நிறைந்திருக்கும். மின்சுமை கொண்ட ஜெல் அதிகமாக உப்புவதற்குப் பலரும் சொல்லும் விளக்கம், சங்கிலியில் உள்ள எதிர்மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன என்பது. பள்ளிப் பாடத்தோடு பொருந்துவதால் இது எளிதில் நம்பப்படுகிறது. ஆனால் அந்த விலக்கு விசைக்கு இங்கே பெரிய பங்கில்லை. வலையை விரிக்கும் வேலையைச் செய்பவை, சங்கிலியின் மின்சுமையைச் சமன்செய்தபடி அதோடு ஒட்டாமல் நீரில் உலவும் அயனிகள், அதாவது எதிரயனிகள்.

சோடியம் பாலிஅக்ரிலேட்டை எடுத்துக்கொள்வோம். அதன் சங்கிலியில் உள்ள ஒவ்வொரு கார்பாக்சிலேட்டுக்கும் ஒரு சோடியம் அயனி உண்டு. அந்த சோடியம் ஜெல்லுக்குள் எங்கும் திரியலாம். ஜெல்லை விட்டு வெளியேற முடியாது. வெளியேறினால் உள்ளே எதிர்மின்சுமை மிஞ்சும்; அதன் ஈர்ப்பு உடனே இழுத்துவந்துவிடும். முளையில் கட்டிய மாடு கயிற்றின் நீளத்துக்குள் மேய்வதைப் போன்றது அதன் சுதந்திரம். இப்படி வெளியேற முடியாமல் அடைபட்ட துகள்கள் உள்ளே நிறைய இருப்பதால், அவற்றை நீர்க்கச் செய்ய வெளியே இருக்கும் நீர் உள்ளே வருகிறது. சவ்வூடு பரவல் அழுத்தம்தான் இது; தனியாக ஒரு சவ்வு தேவைப்படவில்லை, வலையே சவ்வாகிவிடுகிறது. நீர் வர வர வலை விரிகிறது, சங்கிலிகள் இழுபடுகின்றன. இழுபட்ட சங்கிலிகளின் மீட்சி விசை அந்த அழுத்தத்துக்குச் சமமாகும் இடத்தில் உப்புதல் நிற்கிறது. பால் ஃபுளோரியும் ஜான் ரேனரும் 1943இல் மின்சுமையற்ற வலைகளுக்கு வகுத்த சமநிலையோடு அயனிகளின் பங்கையும் சேர்த்து எழுதுவது பின்னர் வழக்கமானது: சங்கிலியும் நீரும் கலப்பதால் வரும் பங்கு, வலையின் மீட்சியால் வரும் பங்கு, அயனிகளால் வரும் பங்கு. மூன்றும் கூடிச் சுழியாகும்போது ஜெல் தன் அளவை அடைகிறது.

வெளியே உள்ள நீரில் உப்பு கலந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபிரெடெரிக் டோனன் 1911இல் சவ்வுகளைப் பற்றி எழுதிய சமநிலை விதி வழி காட்டுகிறது. கணக்குப் போட்டே பார்க்கலாம். ஜெல்லின் உள்ளே நிலைத்த மின்சுமை லிட்டருக்கு 0.1 மோல் என்று வைத்துக்கொள்வோம். வெளியே கிட்டத்தட்டத் தூய நீர், அதாவது லிட்டருக்கு 0.001 மோல் சாதாரண உப்பு மட்டும் இருந்தால், அயனிகளால் வரும் அழுத்தம் ஏறத்தாழ 2.4 வளிமண்டல அளவு. வெளியே உப்பை 0.15 மோலாக, அதாவது நம் இரத்தத்தின் அளவுக்கு உயர்த்தினால், அதே ஜெல்லில் அழுத்தம் 0.4 வளிமண்டலமாகக் குறைந்துவிடும். சங்கிலி, பிணைப்பு, மின்சுமை எதுவும் மாறவில்லை. வெளியேயும் அயனிகள் நிறைந்துவிட்டதால் உள்ளுக்கும் வெளிக்கும் இருந்த வேறுபாடு தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். குழந்தைகளின் டயப்பரில் உள்ள தூள் காய்ச்சி வடித்த நீரைத் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சுவதும், 0.9 சதவீத உப்புக் கரைசலில் சில பத்து மடங்கோடு நின்றுவிடுவதும் இதனால்தான். டயப்பருக்குள் போகும் திரவம் சிறுநீர். அதில் உப்பு உண்டு. ஆகவே அந்தத் தொழிலில் உப்புக் கரைசலில் அளந்த எண்ணுக்கே மதிப்பு.

அப்படியானால் சங்கிலியில் மின்சுமையைக் கூட்டிக்கொண்டே போனால் ஜெல்லும் உப்பிக்கொண்டே போகுமா? போகாது. நீரில் இரண்டு ஒற்றை மின்சுமைகளின் ஈர்ப்பாற்றல் வெப்ப ஆற்றலுக்குச் சமமாகும் தொலைவு அறை வெப்பநிலையில் சுமார் 0.7 நானோமீட்டர். முழுக்க மின்சுமையேறிய பாலிஅக்ரிலேட்டில் அடுத்தடுத்த மின்சுமைகளுக்கு இடையே இருப்பதோ ஏறத்தாழ 0.25 நானோமீட்டர். இத்தனை நெருக்கத்தில் சங்கிலியின் இழுப்பு மிக வலுவாகிவிடுவதால், எதிரயனிகளில் ஒரு பகுதி சங்கிலியை ஒட்டியே படிந்துவிடும் என்று ஜெரால்டு மேனிங் 1969இல் கணக்கிட்டுக் காட்டினார். அவருடைய கணக்கின்படி சோடியம் போன்ற ஒற்றை மின்சுமை அயனிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் விடுதலையாகத் திரிந்து அழுத்தம் தருகிறது. கால்சியம் போன்ற இரட்டை மின்சுமை அயனிகளானால் சங்கிலியின் மின்சுமையில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் சமன்செய்யப்படாமல் எஞ்சும். இது சங்கிலியை நேரான கோடாக எண்ணிப் போட்ட கணக்கு. வளைந்து நெளியும் சங்கிலிக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் இத்துறையில் இத்தனை எளிய கணக்கு இவ்வளவு தூரம் உதவுவது அரிது.

இதுவரை சொன்னவை எல்லாம் உப்பின் அளவைப் பற்றியவை. உப்பின் பெயர் என்ன என்று கேட்கும்போதுதான் விஷயம் சுவையேறுகிறது.

டோனன் விதியிலேயே கால்சியத்துக்கு ஒரு தனிச்சலுகை ஒளிந்திருக்கிறது. ஜெல்லுக்குள் சோடியத்தின் செறிவு வெளியே இருப்பதைப் போல 10 மடங்கு என்றால், அதே சமநிலையில் கால்சியத்தின் செறிவு 100 மடங்காக இருக்க வேண்டும். மின்சுமை இரண்டாவதால் மடங்கு வர்க்கமாகிறது. வெளியே கொஞ்சமே கால்சியம் இருந்தாலும் அது உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு கால்சியம் உள்ளே நுழையும்போதும் இரண்டு சோடியம் வெளியேறுகின்றன. அடைபட்ட துகள்களின் எண்ணிக்கை பாதியை நோக்கிக் குறைய, அழுத்தமும் இறங்குகிறது. எந்த வேதிப் பிணைப்பையும் கூப்பிடாமலே, வெறும் எண்ணிக்கையை வைத்தே இவ்வளவையும் சொல்லிவிடலாம்.

ஆனால் சோதனையில் தெரிவது இதைவிடப் பெரியது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் ஃபெரென்ஸ் ஹோர்க்காய், பீட்டர் பாசர், இச்சிஜி தசாகி மூவரும் 2000ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட ஆய்வுகள், என் பார்வையில், இந்தத் துறையின் மிக அழகான சோதனைகளில் சேரும். 40 மில்லிமோலார் சோடியம் குளோரைடு கரைசலில் சோடியம் பாலிஅக்ரிலேட் ஜெல்லை ஊறவைத்து, கால்சியம் குளோரைடைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார்கள். தொடக்கத்தில் ஜெல் மெல்லச் சுருங்கியது. கால்சியம் 1 மில்லிமோலாரை ஒட்டி வந்ததும், மிகக் குறுகிய இடைவெளிக்குள் ஜெல் சரிந்து பருமனில் பெரும்பகுதியை இழந்தது. கால்சியத்தைச் சோடியத்தால் மாற்றினால் மீண்டும் உப்பியது. நம் உடலின் செல்களுக்கு வெளியே உள்ள திரவத்தில் கட்டற்ற கால்சியத்தின் அளவும் 1 மில்லிமோலாரை ஒட்டியதே.

இதற்குப் பாடநூல்கள் சட்டென்று தரும் விளக்கம், கால்சியம் இரண்டு சங்கிலிகளை இருபுறமும் பிடித்துப் பாலம் போடுகிறது என்பது. அது உண்மையானால் ஜெல்லில் புதிய குறுக்குப் பிணைப்புகள் கூடி, அதன் விறைப்பும் ஏற வேண்டும். அவர்கள் விறைப்பையும் தனியாக அளந்தார்கள். வலையின் மீட்சிப் பங்கு கால்சியத்தால் குறிப்பிடும்படி மாறவில்லை. மாறியது சங்கிலியும் நீரும் கலக்கும் பங்கு. அதாவது கால்சியம் சூழ்ந்த சங்கிலிக்கு நீரின் துணை முன்போல் உவப்பாக இல்லை. அது தன் இனத்தோடு நெருங்கவே விரும்புகிறது. கார்பாக்சிலேட்டை நெருங்கும் கால்சியம் தன்னைச் சுற்றியிருந்த நீர் மூலக்கூறுகளில் சிலவற்றை உதிர்த்துவிடுவதும், சங்கிலியின் மின்சுமை மங்குவதும் சேர்ந்து இந்த மாற்றத்தை உண்டாக்குகின்றன. நிலையாகப் பிடித்து நிற்கும் பாலங்கள் வேண்டியதில்லை. வந்து வந்து போகும் அயனிகளின் கூட்டமே போதும். விளைவை மட்டும் பார்த்துக் காரணத்தை ஊகித்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும். விறைப்பைத் தனியே அளக்க வேண்டும் என்று தோன்றியதில்தான் அந்த ஆய்வின் மேன்மை இருக்கிறது.

இந்த ஆய்வில் தசாகி ஏன் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1910இல் பிறந்து 2009இல் மறைந்த அவர், மயலின் உறை கொண்ட நரம்பிழைகளில் துடிப்பு கணுவுக்குக் கணு தாவிச் செல்கிறது என்பதை நிறுவியவர்களில் முதன்மையானவர். நரம்பில் துடிப்பு ஓடும்போது இழை மிக நுண்ணிய அளவில் உப்புகிறது என்று 1980இல் இவாசா, கிப்பன்ஸ் ஆகியோருடன் சேர்ந்து அளந்து காட்டினார். நரம்பிழையின் புறப்பகுதியில் உள்ள புரத வலை ஒரு ஜெல். அதில் கால்சியத்தை வெளித்தள்ளிச் சோடியம் புகும்போது நிகழும் திடீர் உப்பலே துடிப்பின் அடிப்படை என்பது அவருடைய எண்ணம். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி 1952இல் வகுத்த மின்னோட்டக் கோட்பாடும், பின்னர் கண்டறியப்பட்ட அயனிக் கால்வாய்களும் நரம்பியலின் அடித்தளமாகிவிட்டன. தசாகியின் விளக்கம் அந்த இடத்தைப் பெறவில்லை. பெறத் தேவையான சான்று இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. ஆனால் அந்த எண்ணம்தான் 1 மில்லிமோலார் சரிவைத் தேடிப் போக வைத்தது.

கால்சியம் உண்மையிலேயே பாலம் போடும் ஜெல்லும் உண்டு. மன்னார் வளைகுடாவில் விளையும் சர்காசம், டர்பினேரியா போன்ற பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். சோடியம் ஆல்ஜினேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கால்சியம் குளோரைடில் விட்டால் ஒவ்வொரு சொட்டும் மணியாகத் திரண்டுவிடும். ஆல்ஜினேட் சங்கிலியில் குலுரோனேட் அலகுகள் தொடர்ந்து வரும் இடங்கள் மடிப்பு மடிப்பாக, குழி குழியாக அமைந்திருக்கும். இரண்டு சங்கிலிகளின் குழிகள் எதிரெதிரே சேரும் இடத்தில் கால்சியம் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. முட்டைப்பெட்டி மாதிரி என்று இதற்கு 1973இல் பெயர் வைத்தார்கள். ஆல்ஜினேட்டில் இருப்பதும் கார்பாக்சிலேட், பாலிஅக்ரிலேட்டில் இருப்பதும் கார்பாக்சிலேட். அயனியும் அதே கால்சியம். ஒன்றில் நிலையான பிணைப்பு, மற்றதில் நிலையற்ற ஈர்ப்பு. அயனியின் குணத்தைச் சங்கிலியின் வடிவத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ராமநாதபுரம் கடற்கரையில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசி இன்னொரு புதிரை வைக்கிறது. அதிலிருந்து கிடைக்கும் கப்பா கராஜீனன் பொட்டாசியம் கலந்தால் உறுதியான ஜெல்லாக இறுகும். சோடியம் கலந்தால் அப்படி இறுகாது. இரண்டுக்கும் மின்சுமை ஒன்றே. டோனன் விதிக்கு இவை இரண்டும் ஒன்றுதான். மேனிங் கணக்குக்கும் அப்படியே. ஆனால் பொட்டாசியம் அந்தச் சங்கிலியின் திருகுச்சுருளோடு தனியாகப் பொருந்துகிறது. ஒரே மின்சுமையுள்ள அயனிகளும் தத்தம் பெயருக்கேற்ப நடக்கும் என்பதை முட்டைப் புரதத்தில் கண்டு வரிசைப்படுத்தியவர் பிராக் நகரின் ஃபிரான்ஸ் ஹோஃப்மைஸ்டர், ஆண்டு 1888. அந்த வரிசைக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விளக்கம் இன்னும் கைவரவில்லை.

எவ்வளவு உப்பு, எந்த உப்பு என்ற இந்த இரு கேள்விகளும் நம் உடலிலும் நாள்தோறும் தீர்க்கப்படுகின்றன. மூட்டுக் குருத்தெலும்பின் எடையில் முக்கால் பங்கு அளவுக்கு நீர். அதைப் பிடித்துவைப்பது அக்ரிகன் என்னும் பெருமூலக்கூறு. தூரிகை போன்ற அதன் கிளைகள் முழுவதும் சல்பேட், கார்பாக்சிலேட் மின்சுமைகள். நிலைத்த மின்சுமை லிட்டருக்கு 0.2 மோல் என்று கொண்டு இரத்தத்தின் உப்போடு டோனன் கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 1.5 வளிமண்டல அழுத்தம் வருகிறது. கொலாஜன் இழைகள் அதைக் கட்டிப்பிடித்து நிற்கின்றன. நாம் நிற்கும்போது மூட்டு தாங்குவது இந்த இழுபறியால்தான். மூட்டுத் தேய்வில் அக்ரிகன் கரையும்போது மின்சுமை குறைகிறது, அதோடு சோடியமும் குறைகிறது. சோடியத்தையே படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. முறை இந்த இழப்பை வெளிக்காட்டுகிறது. டோனன் சமன்பாடு மருத்துவமனைக்குள் வந்து நிற்கும் இடம் இது.

குருத்தெலும்பை அடுத்தே எலும்பு, அங்கே கால்சியம் ஏராளம். பாலிஅக்ரிலேட்டைப் போல அக்ரிகனும் 1 மில்லிமோலாரில் சரிந்தால் மூட்டு என்னாகும்? சரிவதில்லை. ஹோர்க்காய் குழு 2008இல் காட்டியபடி, அக்ரிகன் கரைசலில் கால்சியத்தை மிக அதிகமாக உயர்த்தியும் மூலக்கூறுகள் ஒன்றுகூடிப் படியவில்லை. கார்பாக்சிலேட்டைவிடச் சல்பேட் கால்சியத்தைத் தளர்வாகவே பிடிக்கிறது. தூரிகை வடிவமும் சங்கிலிகளை நெருங்கவிடுவதில்லை. கால்சியத்தைத் தேக்கிவைத்துக்கொண்டே தன் உப்பலை இழக்காத ஜெல் அங்கே தேவை. உடல் அதைச் செய்துவைத்திருக்கிறது.

சளியில் நடப்பதோ நேர்மாறு. அங்கே சரிவும் வேண்டும், விரிவும் வேண்டும். சளியைச் சுரக்கும் செல்கள் மியூசின் என்ற மின்சுமைச் சங்கிலியைச் சிறு மணிகளுக்குள் நெருக்கி அடைத்துவைக்கின்றன. அப்படி அடைக்க உதவுவது கால்சியம். மணி வெளியே உமிழப்பட்டதும் கால்சியம் வெளியேறிச் சோடியம் புக, மியூசின் வெடிப்பதுபோல் விரிந்து நூற்றுக்கணக்கான மடங்கு பெருக்கிறது. இதை ஜெல் இயற்பியலின் மொழியில் முதலில் விளக்கியவர் பெட்ரோ வெர்துகோ. கால்சியத்தைக் கழற்றப் பைகார்பனேட் துணைசெய்கிறது. நீர்மத் திசுவழற்சி என்னும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் குளோரைடையும் பைகார்பனேட்டையும் கடத்தும் கால்வாய் பழுதாகிவிடுவதால், மியூசின் சரியாக விரியாமல் பிசுபிசுத்து மூச்சுக்குழலை அடைத்துக்கொள்கிறது என்று பால் குவின்டன் வாதிட்டார். நோயாளிகளின் துன்பத்தை அயனிகளின் இடமாற்றம் வரை பின்தொடர்ந்து சென்ற இந்த விளக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, வயலில் இடுவதற்கு விற்கும் ஹைட்ரோஜெல்லைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மானாவாரி நிலத்தில் ஈரத்தைக் காக்க இது உதவும் என்பது உண்மை. ஆனால் தன் எடையைப் போல 300, 400 மடங்கு நீரைப் பிடிக்கும் என்று சொல்லும் எண் பொதுவாகத் தூய நீரில் அளந்தது. நம் ஆழ்துளைக் கிணறுகளில் பலவும் கடினநீர் தருபவை. இந்தியத் தரநிலை குடிநீருக்கு ஏற்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிடுவதால், 500 மில்லிகிராம் என்றால் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 5 மில்லிமோல். ஆய்வுக்கூடத்தில் ஜெல்லைச் சரித்த அளவைப் போல ஐந்து மடங்கு.

கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். 1 கிராம் சோடியம் பாலிஅக்ரிலேட்டில் ஏறத்தாழ 10 மில்லிமோல் கார்பாக்சிலேட் இருக்கும். அத்தனையையும் நிரப்ப 5 மில்லிமோல் இரட்டை மின்சுமை அயனி போதும். அது ஒரே லிட்டர் கடினநீரில் இருக்கிறது. முதல் நனைப்பில் ஜெல் உறிஞ்சுவது நூறு, இருநூறு மில்லிலிட்டர்தான் என்பதால் அன்றைக்கு உப்பல் நன்றாகவே இருப்பதுபோல் தெரியும். அடுத்தடுத்த பாசனத்தில் அதன் வழியே இறங்கும் நீர் மேலும் மேலும் கால்சியத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். பிறகு நல்ல மழை பெய்தாலும் கால்சியம் எளிதில் கழுவிப் போகாது. ஓர் அயனி வெளியேற வேண்டுமானால் அதற்கு ஈடான இன்னொன்று உள்ளே வர வேண்டும். மழைநீரில் அதற்கு வழியில்லை.

சல்பொனேட் தொகுதிகளையோ மின்சுமையற்ற அலகுகளையோ கலந்து கால்சியத்துக்கு அவ்வளவாக அஞ்சாத ஜெல்களைச் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். ஆனால் தூய நீரில் அளந்த எண் அவற்றுக்குக் குறைவாகத் தெரியும் என்பதால், அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர் தனக்குப் பொருந்தாத ஜெல்லையே தேர்ந்தெடுக்கக்கூடும். விற்பவர்கள் கடினநீரில் அளந்த எண்ணையும் பையின் மேல் அச்சிட வேண்டும்; வேளாண் துறை அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை விவசாயி தானே சோதித்துக்கொள்ளலாம். 1 கிராம் தூளை எடைபோட்டு மெல்லிய துணிப்பையில் கட்டித் தன் கிணற்று நீர் நிறைந்த வாளியில் ஓர் இரவு ஊறவிட்டு, வடித்து, எடை பார்க்க வேண்டும். பிறகு நீரை மாற்றி மறுநாளும், அதற்கடுத்த சில நாட்களும் அப்படியே செய்ய வேண்டும். எடை இறங்கிக்கொண்டே வந்து எந்த எண்ணில் நிலைக்கிறதோ, அதை வைத்துத்தான் ஏக்கருக்கு எவ்வளவு, போட்ட பணம் திரும்புமா என்ற கணக்கைப் போட வேண்டும்.